மலையகத்திலிருந்து மாலைதீவுப் பாடசாலைக்கு: புறப்படுமுன் முடிக்க வேண்டியவை

மாலைதீவுப் பாடசாலையொன்றில் வேலை கிடைத்த மலையக ஆசிரியரின் பயணத்தைப் பெரும்பாலும் இழுத்தடிப்பது பெயர்தான். பிறப்புச் சான்றிதழில் சொந்தப் பெயர் மட்டும் இருக்கும். அடையாள அட்டையில் தகப்பன் பெயர் முன்னால் வரும், சாதாரண தரச் சான்றிதழில் அது முதலெழுத்தாகச் சுருங்கியிருக்கும். லெட்சுமி என்ற பெயர் ஆங்கிலத்தில் ஒரு தாளில் ‘வை’யிலும் இன்னொன்றில் ‘ஐ’யிலும் முடியும். தோட்டத்தில் யாரும் கவனிக்காத இந்த ஓரெழுத்தால் விசா மேசையில் ஒருவர் இரண்டு ஆட்களாகிவிடுவார்.

பட்டச் சான்றிதழில் உள்ள எழுத்துக்கூட்டலை அடிப்படையாக வையுங்கள், அதை மாற்றுவதுதான் கடினம். அதற்கேற்ப முதலில் அடையாள அட்டை, பிறகு கடவுச்சீட்டு. மிஞ்சும் சிறு வேறுபாடுகளுக்கு, இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக்கடதாசி முடித்துக்கொள்ளலாம். பிறப்புச் சான்றிதழிலேயே பிழையென்றால் பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் போக வேண்டும். அது இழுபடும் வேலை. விண்ணப்பம் போடுமுன்பே தொடங்குங்கள்.

சான்றிதழ்களை வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் உறுதிப்படுத்த வேண்டும். தமிழிலோ சிங்களத்திலோ உள்ள பத்திரங்களைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து ஆங்கிலத்தில் எடுத்து வையுங்கள். பொலிஸ் நற்சான்றிதழும் தேவை. முகவர் இல்லாமல் நீங்களே தேடிய வேலையானாலும் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிய வேண்டும், பதியாமல் போனால் விமான நிலையத்திலேயே திருப்பிவிடுவார்கள். அரச ஆசிரியர்கள் அதிபர், வலயக் கல்விப் பணிமனை வழியாகச் சம்பளமற்ற விடுமுறைக்கு விண்ணப்பித்து, அனுமதிக் கடிதம் கைக்கு வந்த பிறகே ஏற வேண்டும். ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று போனால், பதவியை வறிதாக்கியதாக அறிவிக்கும் கடிதம் வீட்டுக்கு வரும்.

ஒப்பந்தத்தில் சம்பளத் தொகையை மட்டும் பார்த்துக் கையெழுத்திடாதீர்கள். எந்தத் தீவு? வாடகையை யார் கட்டுவது? தலைநகர் மாலேயில் அறை வாடகை சம்பளத்தில் பெரும்பங்கைத் தின்றுவிடும். தூரத் தீவில் வீடு மலிவு, ஆனால் தலைநகருக்கு வரப் படகுச் செலவு உண்டு. எல்லாவற்றிலும் முக்கியமானது நாணயம். சம்பளம் மாலைதீவின் ருபியாவிலா, டொலரிலா? அதிகாரபூர்வ விகிதம் ஒரு டொலருக்கு 15.42 ருபியா. ஆனால் அங்கே டொலருக்குத் தட்டுப்பாடு, வங்கிகள் வெளிநாட்டுக்கு அனுப்பும் தொகைக்கு எல்லை வைக்கின்றன. வங்கிக்கு வெளியே டொலர் அதைவிட விலை கூட. ஆகவே ‘சம்பளத்தை 15.42ஆல் பிரித்து, டொலரின் இலங்கை விலையால் பெருக்கினால் இவ்வளவு’ என்று வீட்டில் கணக்குப் போட்டு, அதை நம்பிக் கடன் எடுப்பது ஆபத்து. அதே பாடசாலையில் இப்போது வேலை செய்யும் ஒருவரிடம் மாதம் எவ்வளவு அனுப்ப முடிகிறது என்று கேட்பதே சரியான கணக்கு. முதல் சம்பளம் வரும்வரை சாப்பாட்டுக்கும் அறைக்குமான டொலரைக் கையில் கொண்டுபோங்கள்.

வகுப்பறைக்கு வருவோம். அந்நாட்டின் திவெஹி மொழியும் இஸ்லாமும் தவிர மற்றப் பாடங்கள் ஆங்கிலத்தில். தமிழ்மூலம் படித்து, தமிழ்மூலம் கற்பித்தவருக்குப் பாட அறிவு போதும், கலைச்சொற்களைத்தான் மீண்டும் பழக வேண்டும். பாடநூலை வாசிப்பதைவிட, அங்கே பிள்ளைகள் எழுதும் கேம்பிரிட்ஜ் பரீட்சையின் பழைய வினாத்தாளையும் புள்ளித் திட்டத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள். வினாவில் ‘ஸ்டேட்’ என்றால் விடையைச் சொன்னால் போதும், ‘எக்ஸ்பிளெயின்’ என்றால் காரணமும் வேண்டும். காரணம் எழுதாத பிள்ளைக்கு, தெரிந்திருந்தும் புள்ளி போகும்.

கணித ஆசிரியர்களுக்கு ஒன்று. நம் சாதாரண தரத்தில் கணிப்பான் இல்லை, மடக்கை அட்டவணை உண்டு, ‘பை’யின் (π) பெறுமானம் 22/7. நம் சாதாரண தரத்துக்கு ஈடான கேம்பிரிட்ஜ் ஐ.ஜி.சி.எஸ்.இ. கணிதத்தில் 2025 முதல் ஒரு தாள் கணிப்பானின்றி, மற்றது கணிப்பானுடன். கணிப்பான் தாளில் ‘பை’க்குக் கணிப்பானின் பெறுமானம் அல்லது 3.142 எடுக்கச் சொல்கிறார்கள். சரியாக முடியாத விடையை மூன்று பொருளுடை இலக்கங்களுக்கும், கோணத்தை ஒரு தசம தானத்துக்கும் தர வேண்டும். ஆரை 12 சென்ரிமீற்றர் வட்டத்தின் பரப்பு கணிப்பானில் 452 சதுர சென்ரிமீற்றர், 22/7 போட்டால் 453. கரும்பலகையில் பழக்கதோஷத்தில் 22/7 எழுதினால் பிள்ளை அதையே பரீட்சைக்கும் கொண்டுபோகும். கணிப்பானின்றி வேகமாகச் செய்யும் நம் பழக்கம் கணிப்பானில்லாத தாளுக்கு நல்ல உதவி. செய்முறைக்குத் தனிப் புள்ளி இருப்பதால், இடைப்படிகளை எழுதாமல் மனக்கணக்கில் தாண்டவும் விடாதீர்கள்.

பயணத்துக்கு முந்தைய 96 மணித்தியாலத்துக்குள் மாலைதீவுக் குடிவரவுத் துறையின் ‘இமுகா’ இணையப் படிவத்தை நிரப்ப வேண்டும். அது இலவசம், பணம் கேட்கும் தளங்கள் போலி. போனதும் மருத்துவப் பரிசோதனை இருக்கும். பெட்டியில் சாமி சிலை, பன்றி இறைச்சி, மதுபானம் எதுவும் வேண்டாம், சுங்கத்தில் தடை. அங்கே கோவில் இல்லை, வெளிப்படையான வழிபாட்டுக்கும் இடமில்லை. தைப்பூசமும் தீபாவளியும் உங்கள் அறைக்குள்தான். பாடசாலை ஞாயிறு முதல் வியாழன் வரை. நோன்பு மாதத்தில் பகலில் வெளியே தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது.

நுவரெலியா, பண்டாரவளைக் குளிரிலிருந்து போகிறவர் கம்பளிச் சட்டையை வீட்டில் விட்டுவிட்டு, நீளக் கையுள்ள மெல்லிய பருத்தித் துணி எடுக்கலாம். இங்கே மூட்டையாக விற்கும் கரட்டும் லீக்ஸும் அங்கே கப்பலில் வரும் பொருள், விலை கூட. மீனுக்குக் குறையில்லை, நம் சம்பலுக்குப் போடும் மாசியின் ஊர் அல்லவா! மே முதல் ஒக்டோபர் வரை தென்மேல் பருவத்தில் கடல் கொந்தளிக்கும். மலைப் பாதையில் பஸ்ஸில் வாந்தி எடுக்காதவருக்கும் வேகப் படகில் தலை சுற்றலாம், குமட்டல் மாத்திரை கைப்பையில் இருக்கட்டும்.

இன்னொன்று ரியூஷன். அட்டனிலும் பதுளையிலும் பின்னேர வகுப்பு நடத்திப் பழகியவர்களுக்கு அங்கேயும் கேட்டு வருவார்கள். வேலை விசா உங்களை எடுத்த தொழில்தருநருக்கு மட்டுமே உரியது. எழுத்தில் அனுமதி இல்லாமல் காசுக்கு வகுப்பு எடுத்தால் விசாவே போய்விடும்.