புது ரேம் போட்டதும் கம்ப்யூட்டர் கிராஷ் ஆகிறதா?

விண்டோஸ் லோகோ வரை வந்து ரீஸ்டார்ட் ஆனால், உடனே விண்டோஸை அழித்து ஏற்றாதீர்கள், தயவுசெய்து. பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு, பழைய ரேமைக் கழற்றி, புதியதை மட்டும் போட்டுப் பாருங்கள். நான்கு ரேம் ஸ்லாட் உள்ள மதர்போர்டில் ஒற்றை ரேமுக்குப் பெரும்பாலும் பிராசஸரிலிருந்து இரண்டாவது ஸ்லாட்தான். ஓரக் கிளிப் 'டக்'கென்று விழும்வரை அழுத்துங்கள். ஒரு முனை மயிரிழை தூக்கி நின்றாலும் கோளாறுதான்.

இரண்டு ரேமும் தனித்தனியே ஓடி, சேர்த்தால் கிராஷ் ஆகிறதா? 3200, 2666 என்று வேகம் வேறான ரேம்கள் கலந்திருந்தால் இப்படி ஆகலாம். பயாஸில் (விண்டோஸுக்கு முன் திறக்கும் மதர்போர்டு செட்டிங்ஸ்) ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பியை அணைத்துவிட்டு, ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளைப் பென்டிரைவிலிருந்து நான்கு சுற்று ஓடவிடுங்கள். தனியாகப் போட்டும் ஒரு பிழை வந்தால்கூட அந்த ரேமைத் திருப்பிக் கொடுங்கள்.

டிடிஆர்5 வகை ரேம் போடும் போர்டில் முதல் முறை திரை சில நிமிடம் கறுப்பாகவே இருக்கலாம். போர்டு புது ரேமுக்குத் தன்னைப் பழக்கிக்கொள்ளும் நேரம் அது. பட்டனை அழுத்தி அணைக்காதீர்கள்.