ரிவர்ஸ் விழவில்லை, பழி என் கால் மேல்

குரோம்பேட்டையில் ஒரு கல்யாண மண்டபம். மைத்துனர் மகளுக்கு நிச்சயதார்த்தம். பந்தி முடிந்து, தாம்பூலப் பையோடு நாங்கள் கிளம்பும்போது மணி ஒன்பதரை இருக்கும். வண்டியை மதில் சுவரைப் பார்த்து மூக்கு முட்ட நிறுத்தியிருந்தேன். ஸ்டார்ட் செய்து ‘ஆர்’ போட்டேன். இன்ஜின் உறுமியது, வண்டி அசையவில்லை. டேஷ்போர்டில் பல்சக்கரப் படம் ஒன்று மஞ்சளாகக் கண் சிமிட்டியது. அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். மறுபடி சிமிட்டல்.

எங்களுக்குப் பின்னால் வேறு ஆறேழு வண்டிகள் கிளம்பக் காத்திருந்தன. வேறு வழியில்லை. மைத்துனர், மண்டபத்து வாட்ச்மேன், அப்புறம் மாப்பிள்ளை வீட்டுப் பையன்கள் இரண்டு பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பானெட்டைப் பிடித்துத் தள்ளினார்கள். மோதிரம் மாற்றி இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை, அதற்குள் சம்பந்தி வீட்டாரை வண்டி தள்ள வைத்த பெருமை எனக்கு. “மாமா, இது புது வண்டிதானே?” என்று அதில் ஒரு பையன் உண்மையான அக்கறையோடுதான் கேட்டான். நான்கு வருடம் மூன்று மாதம், 58,200 கிலோமீட்டர். நான் பதில் சொல்லவில்லை.

வாரண்டி நான்கு வருடம் அல்லது ஒரு லட்சம் கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அது. எது முதலில் வந்தது என்று நான் விளக்க வேண்டியதில்லை.

முன்னால் போக வண்டி தயாராகத்தான் இருந்தது. ஆனால் முதல் கியரிலிருந்து நேரே மூன்றாவதுக்குத் தாவியது, அதற்குப் பிறகு ஐந்து. மாடிப்படியில் ஒன்று விட்டு ஒன்று ஏறுவது போல ரேடியல் ரோடு வழியாகக் கீழ்க்கட்டளைக்கு வந்து சேர்ந்தோம். மனைவி வழி முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. ஆட்டோமேட்டிக் வாங்கச் சொன்னது அவள்தான்.

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. 2017 மழையில் கத்திப்பாராவுக்குக் கீழே டூவீலரோடு சறுக்கி விழுந்து, இடது முழங்காலில் லிகமென்ட் ஆபரேஷன் ஆனவன் நான். பழைய வண்டியில் கிளட்ச் மிதித்து மிதித்து, சாயங்காலம் முட்டி வீங்கி வந்து நிற்பேன். ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன். வீட்டிலிருந்து வாணுவம்பேட்டை போவதற்குள் 146 தடவை கிளட்ச். மேடவாக்கம் மெயின் ரோட்டில் மெட்ரோ வேலைக்கான தடுப்புகள் வந்த பிறகு அந்தக் கணக்கையும் விட்டுவிட்டேன். கிண்டி எஸ்டேட்டில் ஆபீஸ். தூரம் பத்துப் பதினோரு கிலோமீட்டர், காலையில் ஒரு மணி நேரம். ஷோரூமில் இதையெல்லாம் சொல்லித்தான் வண்டி கேட்டேன். “சார், டிராஃபிக்குக்குன்னே செஞ்ச வண்டி சார் இது” என்றார் விற்பனைப் பையன். அந்த வாக்கியம் எனக்கு இன்னும் மனப்பாடம்.

நம் ஊரில் இடது காலுக்கு வேலை இல்லாத எல்லாமே ‘ஆட்டோமேட்டிக்’. உள்ளே இருப்பது நான்கு ஜாதி என்று எனக்கு வண்டி படுத்த பிறகுதான் தெரிந்தது. 2014இல் மாருதி செலேரியோவோடு நம் ஊரில் பரவிய ஏ.எம்.டி. என்பது சாதாரண மேனுவல் கியர் பாக்ஸ்தான். கிளட்ச் மிதிப்பதையும் கியர் மாற்றுவதையும் ஒரு மோட்டார் செய்கிறது. சி.வி.டி.யில் மாற்றிப் போடப் பல்சக்கரமே கிடையாது, இரண்டு கப்பிகளுக்கு நடுவே ஒரு இரும்பு பெல்ட். டார்க் கன்வெர்ட்டர் பழைய ஆள். இன்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவே எண்ணெய் சுழன்று சக்தியைக் கடத்தும். நான்காவது என்னுடையது, டூயல் கிளட்ச்.

அதில் இரண்டு கிளட்ச். ஒன்று 1, 3, 5 என்று ஒற்றைப்படை கியர்களுக்கு. மற்றது 2, 4, 6க்கு. ரிவர்ஸும் அந்த இரட்டைப்படைக் கட்சிதான். நீங்கள் இரண்டாவதில் போகும்போதே கம்ப்யூட்டர் மூன்றாவதை எடுத்து வைத்துக் காத்திருக்கும். ஒரு கிளட்ச் விட, மற்றது பிடிக்க, கியர் மாறியதே தெரியாது. ஹைவேயில் ஓட்டிப் பார்த்தால் மயங்கிவிடுவீர்கள், நானும் மயங்கினேன். என் வண்டியில் இரட்டைப்படைக் கிளட்ச் போனதால்தான் ரிவர்ஸும் போனது, படி தாண்டி ஏறியதும் அதனால்தான்.

சிக்கல் என்னவென்றால், சின்ன வண்டிகளில் வைப்பது பெரும்பாலும் டிரை கிளட்ச், எண்ணெயில் முங்காதது. எடை குறைவு, மைலேஜ் நல்லது. ஆனால் சூடு போக வழி காற்று மட்டும்தான். டிராஃபிக்கில் பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் வண்டி மெல்ல நகரும் அல்லவா? அந்த நகர்வு முழுக்கக் கிளட்ச் பாதி பிடித்தும் பிடிக்காமலும் தேய்கிற தேய்ப்பு. மேனுவலில் அரைக் கிளட்ச்சில் ஓட்டினால் அப்பா திட்டுவார் இல்லையா, அதே வேலையை இங்கே கம்ப்யூட்டர் நாள் முழுக்கச் செய்கிறது. மே மாதச் சென்னை, தார் ரோட்டுச் சூடு, நூறடிக்கு ஒரு நிறுத்தம். மீதியை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இது திடீரென்று வந்ததும் இல்லை. 31,000 கிலோமீட்டரிலேயே முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாறும்போது ஒரு உதறல். குளிர் ஜுரக்காரன் தோள் மாதிரி. சர்வீஸுக்கு விட்டபோது சொன்னேன். “இந்த மாடலோட நேச்சரே அப்படித்தான் சார். சாஃப்ட்வேர் அப்டேட் போட்டுடறேன்” என்றார் அட்வைசர். இரண்டு வாரம் நன்றாக இருந்தது, அப்புறம் பழைய குருடி கதவைத் திறடி. 44,000இல் மறுபடி சொன்னேன், மறுபடி அப்டேட்.

வண்டி படுத்த பிறகு பழைய ஜாப் கார்டுகளைத் தேடி எடுத்தேன். முதல் கார்டில் ‘ஜெனரல் செக்கப்’. இரண்டாவதில் ‘ஜெனரல் செக்கப், வாட்டர் வாஷ்’. உதறல் என்ற சொல் எதிலும் இல்லை. இரண்டிலும் கீழே என் கையெழுத்து அழகாக இருக்கிறது. முப்பது வருடம் கணக்குப் பிரிவில் இருப்பவன், வவுச்சரைப் படிக்காமல் ஒரு ரூபாய் பாஸ் பண்ணாதவன், என் வண்டிக்கு மட்டும் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இந்த விஷயத்தில் எனக்கு என் மேல்தான் அதிகக் கோபம்.

சரி, எஸ்டிமேட்டுக்கு வருவோம். கிளட்ச் செட், அதை இயக்குகிற மெக்கட்ரானிக்ஸ் யூனிட், லேபர், ஜி.எஸ்.டி. எல்லாம் சேர்த்து 2,84,600 ரூபாய். அந்த வண்டியை அன்றைக்கு விற்றிருந்தால் ஐந்தரை லட்சம் தேறியிருக்கும். காரணம் கேட்டேன். ஏ.சி. அறையில் உட்கார வைத்து, காபி கொடுத்து, சர்வீஸ் மேனேஜர் சொன்னார்: “சார், தப்பா எடுத்துக்காதீங்க. இது நீங்க ஓட்டுற விதம்.”

இடது காலே வேண்டாம் என்று வாங்கிய வண்டியில், இரண்டே பெடலை வைத்துக்கொண்டு, ஓட்டுவதற்கு எத்தனை விதம் இருக்க முடியும் என்று எனக்குப் புரியவில்லை.

அன்று இரவு தூக்கம் வராமல் தேடியதில்தான் ஆஸ்திரேலிய வழக்கு கண்ணில் பட்டது. ஃபோர்டு அங்கே ஃபியஸ்டா, ஃபோகஸ், ஈகோஸ்போர்ட் வண்டிகளில் பவர்ஷிஃப்ட் என்ற டூயல் கிளட்ச்சை வைத்துச் சுமார் 70,000 வண்டிகள் விற்றிருக்கிறது. உதறுகிறது என்று வந்தவர்களிடம் என்ன சொன்னார்கள் தெரியுமா? நீங்கள் ஓட்டும் விதம். அது கியர் பாக்ஸின் தரக் குறைபாட்டுக்கான அறிகுறி என்று தெரிந்தே அப்படிச் சொன்னார்கள் என்று அந்நாட்டு நுகர்வோர் ஆணையம் வழக்குப் போட்டது. புகார்களைக் கையாண்ட விதம் மனசாட்சிக்கு விரோதமானது என்று கூறி, 2018 ஏப்ரலில் ஃபெடரல் நீதிமன்றம் 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டது. எனக்கு அபராதத் தொகையைவிட அந்த வாக்கியம்தான் ஆச்சரியம். மெல்போர்னிலும் அதே வாக்கியம், கிண்டியிலும் அதே வாக்கியம்.

இன்னொன்று சீனாவில். 2013 மார்ச் 15, நுகர்வோர் தினத்தன்று அரசுத் தொலைக்காட்சி ஃபோக்ஸ்வாகனின் டி.எஸ்.ஜி. கியர் பாக்ஸை (அவர்கள் டூயல் கிளட்ச்சின் பெயர்) கிழித்துத் தொங்கவிட, சில நாட்களில் 3,84,181 வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. அதே வருடம் நவம்பரில் உலகம் முழுக்கப் பல லட்சம் வண்டிகளில் ஏழு கியர் டி.எஸ்.ஜி.யின் சிந்தெடிக் ஆயிலை எடுத்துவிட்டு மினரல் ஆயில் ஊற்றினார்கள். வெப்பமும் ஈரப்பதமும் அதிகமான ஊரில், நின்று நின்று போகும் டிராஃபிக்கில் கியர் பாக்ஸின் மின் இணைப்பில் கோளாறு வரலாம் என்று காரணம் சொன்னார்கள். படித்தபோது யாரோ வேளச்சேரி சிக்னலில் நின்றுகொண்டு எழுதியது போலத் தோன்றியது. பழைய ஆளான டார்க் கன்வெர்ட்டர் ஜாதியும் தப்பவில்லை. 2004இல் ஹோண்டா அமெரிக்காவில் சுமார் 11 லட்சம் வண்டிகளை இரண்டாவது கியர் சூடாகிறது என்று திரும்ப அழைத்திருக்கிறது. இந்தக் கம்பெனிகளில் என் வண்டி எது என்று தேட வேண்டாம், எதுவும் இல்லை. என் கம்பெனி பெயரைச் சொல்லி வக்கீல் நோட்டீஸ் வாங்க எனக்குத் தெம்பு இல்லை.

இரண்டாவது கருத்துக்காக ஆலந்தூரில் கியர் பாக்ஸ் வேலை பார்க்கிற ஒரு பாயிடம் போனேன். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். ஸ்கேனரை மாட்டி, பிழைக் குறியீடுகளைப் பார்த்துவிட்டு, லேப்டாப்பை மூடினார். உள்ளே போய்ப் பழைய கிளட்ச் பிளேட் ஒன்றை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார். உங்கள் மாடல்தான், போன மாதம் கழற்றியது என்றார். இரும்புப் பகுதியில் மயில்கழுத்து நீலம் படர்ந்திருந்தது. தேயும் பட்டை கண்ணாடி மாதிரி வழுவழுவென்று இருந்தது.

“நீலம் தெரியுதா சார்? அது சூடு. ஓட்டத் தெரியாதவன் எரிச்சிருந்தா ஒரு தடவையில கருகிடும், நாத்தம் தாங்காது. இது கொஞ்சம் கொஞ்சமா, வருஷக் கணக்குல வெந்தது.”

“அப்போ என் மேல தப்பு இல்லையா பாய்?”

“இருக்கு சார். நீங்க கீழ்க்கட்டளையில வீடு வாங்கினது.”

அவர் கிளட்ச் மட்டும் மாற்ற ஒரு லட்சத்துப் பத்தாயிரம் கேட்டார், மெக்கட்ரானிக்ஸ் பிழைக்கலாம் என்றார். ஆனால் அவரே, “மொதல்ல கம்பெனிக்கு மெயில் போடுங்க. நான் கழட்டிட்டா அப்புறம் அவங்க பேசமாட்டாங்க” என்று திருப்பி அனுப்பினார். வந்த வேலையை வேண்டாம் என்று சொல்கிறவரைப் பார்த்து ரொம்ப நாள் ஆகியிருந்தது.

மெயில் போட்டேன். ஏழு மெயில், ஐந்து வாரம். முதல் மூன்றுக்கு ‘தங்கள் கருத்துக்கு நன்றி’. நான்காவதில் நுகர்வோர் ஆணையத்தைப் பற்றி எழுதினேன். வக்கீலாக இருக்கும் சித்தப்பா மகனிடம் கேட்டு வைத்திருந்தேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். என் வண்டி விலைக்கு மாவட்ட ஆணையமே போதும், கட்டணம் 400 ரூபாய், ஆன்லைனிலேயே போடலாம். “ஆனா அண்ணே, தயாரிப்புக் குறைபாடுன்னா நிபுணர் அறிக்கை கேப்பாங்க. வாரண்டிக்குள்ள சொன்னதுக்கு எழுத்துல என்ன இருக்கு?” என்றான். வாட்டர் வாஷ் இருக்கிறது என்றேன்.

ஆனால் எழுத்தில் ஒன்று இருந்தது. 44,000இல் சர்வீஸுக்கு விட்டபோது அட்வைசருக்கு வாட்ஸப்பில் ஒரு வீடியோ அனுப்பியிருந்தேன். கப்ஹோல்டரில் வைத்த தண்ணீர் பாட்டில் உதறுகிற பதினெட்டு விநாடி. கீழே அவருடைய பதில், தேதியோடு: “ஓகே சார், செக் பண்றோம்.” அதை ஐந்தாவது மெயிலில் இணைத்தேன். ஏழாவது மெயிலுக்குள் ‘குட்வில்’ என்று ஒரு வார்த்தை அவர்கள் பக்கம் முளைத்தது. பாகங்களின் விலையில் எழுபது சதவீதம் அவர்களுடையது, மீதியும் லேபரும் என்னுடையது. தவறு எங்கள் மேல் என்று ஒப்புக்கொள்வதாக இதை எடுத்துக்கொள்ளக் கூடாது என்று ஒரு வரியும் இருந்தது. வழக்குப் போட்டிருந்தால் ஜெயித்திருப்பேன் என்று சித்தப்பா மகன் இன்றும் சொல்கிறான். எனக்கு வண்டி வேண்டியிருந்தது. ஐந்து வாரம் ஆட்டோவுக்குக் கொடுத்த காசும் முட்டி வலியும் வேறு. 96,000 சொச்சம் கட்டி எடுத்து வந்தேன்.

வண்டியை ஒப்படைக்கும்போது புது அட்வைசர் ஒரு அச்சடித்த தாளைக் கொடுத்தார், டிராஃபிக்கில் எப்படி ஓட்ட வேண்டும் என்று. ஊர்ந்துகொண்டே போகக் கூடாதாம். முன்னால் இருக்கும் வண்டி பத்துப் பதினைந்து அடி நகரும் வரை பிரேக்கில் காத்திருந்து, பிறகு ஒரேயடியாக நகர வேண்டுமாம். கிளட்ச் பாதி பிடித்து நிற்பதைத் தவிர்க்கும், யோசனை சரிதான். மறுநாள் காலை கீழ்க்கட்டளை சிக்னலில் முயன்று பார்த்தேன். விட்ட பதினைந்து அடியில் ஒரு ஷேர் ஆட்டோ, இரண்டு பைக், ஒரு தண்ணி கேன் வண்டி. பின்னாலிருந்த எம்.டி.சி. பஸ் டிரைவர் ஹாரனிலேயே என் குலம் கோத்திரம் விசாரித்துவிட்டார்.

இந்த முறை ஜாப் கார்டை வரி வரியாகப் படித்தேன். ‘வாடிக்கையாளர் ஓட்டும் முறை குறித்து அறிவுறுத்தப்பட்டது’ என்று ஒரு வரி இருந்தது. அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். அட்வைசர் முகம் போன போக்கை வீடியோ எடுக்காமல் விட்டுவிட்டேன்.

போன தை மாதம் கல்யாணம் நடந்தது, அதே மண்டபத்தில். வாட்ச்மேன் என்னைப் பார்த்ததும் சிரித்தார். எதுவும் கேட்காமலேயே, சுவரோரம் இருந்த இரண்டு பைக்குகளை நகர்த்தி, “சார், ரிவர்ஸ்லயே உள்ள விட்டுடுங்க” என்று கை காட்டினார்.