மருமகனின் விண்ணப்பம்

அக்கா பையன் அமெரிக்க ராணுவத்துல பிளாக் ஹாக் ஹெலிகாப்டர் மெக்கானிக். இப்போ அதையே ஓட்டணுமாம். வாரண்ட் ஆபீசர்ங்கிற தொழில்நுட்ப அதிகாரிப் பதவிக்கான பைலட் பயிற்சிக்கு விண்ணப்பம் போடுறான். டிகிரி கட்டாயமில்லை. ராணுவத் திறனறித் தேர்வுல ஜிடிங்கிற பொதுத்திறன் மார்க் 110க்குக் குறையக் கூடாது, அது அவன்கிட்ட இருக்கு.

வயித்தைக் கலக்குறது பைலட் ஆகுறவங்களைத் தேர்ந்தெடுக்கிற சிஃப்ட் தேர்வுதான். 40 எடுத்தா பாஸ். ஆனா பாஸாயிட்டா மறுபடி எழுத விடமாட்டாங்க. 41 வாங்கினா ஆயுசுக்கும் 41தான். அதனால "சும்மா எழுதிப் பார்க்கிறேன் மாமா"ன்னவனைத் திட்டி உட்கார வச்சேன். ஒரு பகுதியில 5 படம் இருக்கும், ஒட்டாத ஒண்ணைக் கண்டுபிடிக்கணும். 2 நிமிஷத்துல 100 கேள்வி! சாப்பாட்டு மேசையில நான் ஸ்டாப்வாட்ச் பிடிச்சேன். முதல் தடவை பாதியைக் கூடத் தாண்டல.

விண்ணப்பத்தோட வைக்கிற கட்டுரையில அவன் எழுதின முதல் வரி, "சின்ன வயசிலேர்ந்தே பறக்கணும்னு கனவு." அடிச்சுட்டேன். எல்லாரும் அதைத்தானே எழுதுவான்? ராத்திரி 2 மணிக்கு கையெல்லாம் கிரீஸோட ரோட்டரைச் சரிபண்ணியே, காலையில அது கிளம்புறதைப் பார்த்து நின்னியே, அதை எழுதுடான்னேன்.

சிபாரிசுக் கடிதமும் அப்படித்தான். கமாண்டர் கடிதத்தோட, இவன் வேலையை நேர்ல பார்த்த மூத்த வாரண்ட் ஆபீசர் பைலட் ஒருத்தர் எழுதணும். "நல்ல பையன்"னு நாலு வரி எழுதினா குப்பைக்குத்தான்.

மெடிக்கல் பேப்பர் அலபாமாவுல இருக்கிற ராணுவ விமானப் பயிற்சித் தளமான ஃபோர்ட் ரக்கர் போய் முத்திரையோட வரணும். இழுக்கும், முதல்லயே ஆரம்பின்னு சொல்லியாச்சு.

பைலட் ஆனா 10 வருஷம் பணியில இருந்தாகணும். அதை அக்காகிட்ட நான்தான் சொல்லணுமாம்!