முருங்கையிலையும் கிணற்றுத் தண்ணீரும்

யாழ்ப்பாணத்தில் முருங்கை இல்லாத வளவைக் காண்பது கஷ்டம். வெள்ளி நானோ துணிக்கைகள், அதாவது கண்ணுக்குத் தெரியாத மிக நுண்ணிய வெள்ளித் துகள்கள், செய்ய அந்த இலையை நாங்கள் எடுத்ததற்கு அதுவே காரணம். நான் ஆய்வு உதவியாளராகச் சேர்ந்த முதல் மாதம் அது.

செய்முறை எளிது. இலையைக் கொதிக்கவைத்து வடித்த சாற்றை, 1 மில்லிமோலர் வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் விடவேண்டும். சாற்றிலுள்ள பொலிபீனோல்கள் வெள்ளி அயன்களுக்கு இலத்திரனைக் கொடுத்து உலோகமாக்கும். வேறு சேர்மங்கள் துணிக்கைகளின் மேல் ஒட்டிக்கொண்டு, அவை ஒன்றோடொன்று சேராமல் காக்கும். கரைசல் மஞ்சளாகி, பிறகு கபில நிறத்துக்குப் போகும்.

எங்களுக்கு வந்தது வெள்ளை. பால் சிந்தியது போல ஒரு கலங்கல். யன்னலோரம் வைத்த முகவையைப் பின்னேரம் பார்த்தால், அடியில் படிந்தது ஊதா கலந்த சாம்பலாக மாறியிருந்தது. இலையில்தான் பிழை என்று வேறு மரத்தில் பிடுங்கினோம், அளவை மாற்றினோம், சூட்டைக் குறைத்தோம். மூன்று நாள் போய்விட்டது.

ஆய்வுகூடத்தில் நெடுங்காலம் வேலை செய்த ஐயா ஒருவர் வந்து பார்த்தார். "பிள்ளை, சாறு எந்தத் தண்ணியிலை காய்ச்சினனீங்கள்?"

காய்ச்சி வடித்த நீர் குறைவாக இருந்ததால், சாற்றுக்கு மட்டும் குழாய்த் தண்ணீர் எடுத்திருந்தோம். அது கிணற்றிலிருந்து தாங்கிக்கு ஏறுகிற தண்ணீர். அவர் சோதனைக் குழாயில் அந்தத் தண்ணீரைப் பிடித்து, வெள்ளி நைத்திரேற்று இரண்டு சொட்டு விட்டார். உடனே வெண்மை. சுற்றிவரக் கடலும் கீழே சுண்ணாம்புக் கல்லுமான எங்கள் மண்ணில், கிணற்று நீரில் உப்பிலுள்ள குளோரைட்டு இருக்கத்தானே செய்யும்! அது வெள்ளி அயனோடு சேர்ந்தால் வெள்ளிக் குளோரைட்டு வெள்ளையாகப் படியும்; வெளிச்சம் பட்டால் ஊதா கலந்த சாம்பலாகும். உயர்தரத்தில் பாடமாக்கி எழுதிய சோதனை. முகவைக்குள் அதுவே நடந்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. அது இன்னும் மனதை உறுத்துகிறது.

வடித்த நீரில் திரும்பச் செய்தோம். மெல்ல மெல்ல மஞ்சள் ஏறியது. எந்த அலைநீள ஒளி எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று வரைந்து காட்டும் நிறமாலைமானியில் 420 நானோமீற்றருக்குக் கிட்ட ஒரு மேடு. வெள்ளித் துணிக்கையின் இலத்திரன்கள் ஒளியோடு சேர்ந்து அலையும்போது ஊதா, நீலப் பக்கத்து ஒளியை விழுங்குகின்றன. மீதி மஞ்சளாக எங்கள் கண்ணுக்கு வருகிறது. துணிக்கை பெருத்தால் அந்த மேடு நீண்ட அலைநீளப் பக்கம் நகரும். பொன் என்றால் 520 அளவில் இருக்கும், கரைசல் மாணிக்கச் சிவப்பு.

ஆனால் கண்ணை மட்டும் நம்பக்கூடாது. இலைச்சாறும் வைத்திருக்க வைத்திருக்கத் தானாகவே கறுக்கும். அதனால் வெள்ளி விடாத சாறு ஒரு குடுவை எப்போதும் பக்கத்தில் இருக்கவேண்டும்.

இப்போது புதிதாக யார் வந்தாலும் நான் இலையைக் கொடுப்பதில்லை. முதலில் குழாய்த் தண்ணீரும் சொட்டுக் குப்பியும்தான்.