நைனாவின் அம்பாசடர்

மே 5, ஞாயிறு

அக்னி நட்சத்திரம் நேற்றுத்தான் பிறந்தது. இந்த வெயிலில் யாராவது பரண் ஏறுவார்களா என்றால், வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வருகிறார்கள், ஏறித்தான் ஆக வேண்டும். பழைய அண்டா, உடைந்த தொட்டில் கம்பு, அதற்குப் பின்னால் தாத்தாவின் தகரப் பெட்டி. பூட்டுக்குச் சாவி இல்லை. சுத்தியலால் ஒரே தட்டு, திறந்துகொண்டது.

உள்ளே ஒரு ஆல்பம். கறுப்புத் தாள், நான்கு மூலைக்கும் சின்னச் சின்ன முக்கோணக் காகிதம், நடுநடுவே வெண்ணெய்த் தாள் மாதிரி ஒன்று. பூச்சி அரித்தது போக 31 படங்கள் தேறின. அநேகமாக எல்லாவற்றின் பின்னாலும் தாத்தா பெயர் எழுதி வைத்திருக்கிறார். மூன்றில் மட்டும் பெயர் இல்லை.

ஒன்று: ஒரு காரின் முன்கதவைத் திறந்து பிடித்தபடி தாத்தா. பின்னால் கல் சுவரும் வளைவும். இரண்டு: கல் மண்டபத்தில் அத்தையும் மாமாவும், புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் என்று பார்த்தாலே தெரிகிறது. மூன்று: மூக்கு நீண்ட ஒரு பஸ், அதன் முதுகில் ஏதோ பீப்பாய்.

சாயங்காலம் பெரியப்பா வந்தார். எழுபத்தாறு வயது, கண்ணாடி போடாமலே தினத்தாள் படிப்பவர். முதல் படத்தை எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டார்: "இது நைனா வாங்கின அம்பாசடர்டா. நம்ம வேலூர்க் கோட்டை முன்னாடி நிறுத்தி எடுத்தது."

நைனா என்றால் அவருடைய அப்பா, என் தாத்தா. எங்கள் வீட்டில் கார் இருந்த கதையை நான் கேள்விப்பட்டதே இல்லை. அம்மாவைப் பார்த்தேன். அம்மா உதட்டைப் பிதுக்கினாள்.

மே 7, செவ்வாய்

படத்தைக் கழற்றிப் பின்பக்கம் பார்த்தேன். நீல மையில் "வ.ஆ. ஜில்லா" என்று மட்டும். வட ஆற்காடு. இந்த மாவட்டத்தின் பெயரை வைத்தே ஒரு காகிதத்தின் வயதைச் சொல்லிவிடலாம். 1911 வரை சித்தூர்தான் தலைநகர். சித்தூர் தனி ஜில்லாவாகப் போன பிறகு வேலூருக்கு அந்த இடம் கிடைத்தது. 1989-இல் திருவண்ணாமலை பிரிந்தது, அம்பேத்கர் பெயர் சேர்ந்தது, அப்புறம் வேலூர் மாவட்டம் என்றே ஆனது. 2019-இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனியாகப் போய்விட்டன. என் ஆதார் அட்டையில் உள்ள மாவட்டமும் தாத்தாவின் கையெழுத்தில் உள்ள மாவட்டமும் ஒன்றுதான், ஒன்று இல்லைதான்.

ஆக 1911-க்கும் 1989-க்கும் இடையில். பெரிய கண்டுபிடிப்பு!

காரைப் பற்றி யோசித்துக்கொண்டே இருந்ததில் பாட்டி சொன்னது ஒன்று நினைவுக்கு வந்தது. அவள் குடியாத்தம் சாலைக்காரி. சின்ன வயதில் வாரத்தில் ஒரு நாள் "டாக்டரம்மா கார்" வரும், மரத்தடியில் நிற்கும், சொறிசிரங்கோடு பிள்ளைகளெல்லாம் வரிசையில் உட்காருவோம் என்பாள். சி.எம்.சி. மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் 1909-இல் ஒரு பியூஜோ காரை வைத்துக்கொண்டு அந்தச் சாலையோர வைத்தியத்தை நடத்தினார். பாட்டி பார்த்தது அதற்குப் பிந்திய வண்டியாகத்தான் இருக்கும். ஆனாலும் அவளுக்குக் கார் என்றால் கடைசி வரை மருந்து வாசனைதான்.

மே 11, சனி

காகிதப்பட்டறைப் பக்கம் பழைய வண்டிகளைப் பிரித்து மாட்டும் ஒரு பாய் இருக்கிறார். அப்பாவின் ஸ்கூட்டரை அவரிடம்தான் விடுவோம். படத்தைப் பெரிதாகப் பிரதி எடுத்துக்கொண்டு போனேன். கையை வேஷ்டியில் துடைத்துக்கொண்டு வாங்கினார், பத்து விநாடிகூடப் பார்க்கவில்லை.

"யாரு தம்பி இத அம்பாசடர்னு சொன்னது?"

"பெரியப்பா."

"அவரு பெரியவரு. ஆனா இது பியட்டு."

அப்புறம் பாடம் நடந்தது. "கதவு எப்படித் திறந்து இருக்குது, பாருங்க. கைப்பிடி முன்னாடி, கீல் பின்னாடி. முன்கதவு, பின்கதவு ரெண்டும் நடுத்தூண்லதான் தொங்குது. ரெண்டையும் திறந்தா றெக்கை விரிச்ச மாதிரி இருக்கும்." பியட் 1100 தொடக்கத்தில் அப்படித்தான் வந்ததாம். ஓடும்போது கதவு விட்டுக்கொண்டால் காற்றே அதைப் பிடுங்கித் திறந்துவிடும். 1964-இல் வந்த 1100 டி-யில் கீல் முன்பக்கம் போய்விட்டது. அதே உடம்புதான் பின்னாளில் பத்மினி என்று ஓடியது. அம்பாசடருக்கு எந்தக் காலத்திலும் இந்தக் கதவு கிடையாது.

பேச்சு வளர்ந்து வண்டலூர்ப் பக்கம் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்குப் போனது. மெட்ராஸில் பிறந்த கார் என்று அவருக்கு அதன் மேல் தனிப் பாசம். பானெட்டைத் தூக்கினால் மட்கார்டு, விளக்கு எல்லாம் சேர்ந்து மொத்த மூஞ்சியே முன்னால் சாயும். "முதலை வாயத் திறந்த மாதிரி. என்ஜின் பக்கத்துல டயர் மேலயே உக்காந்து வேலை செய்யலாம், முதுகு வலிக்காது." ஒரு மெக்கானிக் காரை எந்தக் கண்ணால் பார்க்கிறார் என்று புரிந்தது. நமக்கு அழகு, அவருக்கு முதுகு.

கிளம்பும்போது மறுபடி படத்தை வாங்கினார். நம்பர் பிளேட்டில் முதல் எழுத்து 'எம்' மட்டும் தெரிகிறது, மற்றதைத் தாத்தாவின் வேட்டி மறைக்கிறது. 'எம்' என்றால் மெட்ராஸ். மாநிலம் 1969-இல் தமிழ்நாடு ஆன பிறகு வந்த வண்டிகளுக்கு 'டி'. அதெல்லாம் எனக்கே தெரியும். அவர் பார்த்தது வேறு.

"பிளேட்டு வெளுப்பா இருக்குது, எழுத்து கறுப்பு. சொந்த வண்டின்னா அப்ப கறுப்புப் பிளேட்டு, வெள்ளை எழுத்து. இது வாடகை வண்டி தம்பி."

மே 12, ஞாயிறு

பியட் என்பதை மட்டும் பெரியப்பாவிடம் சொன்னேன். அதற்கே குரல் ஏறியது. "எனக்குத் தெரியாதா? கியர் ஸ்டியரிங் பக்கத்துல இருந்தது, கைய நீட்டித் தொட்டுப் பார்த்திருக்கேன்." இரண்டு காரிலும் கியர் அங்கேதான் இருந்தது, அதனால் இந்தச் சாட்சி யாருக்கும் உதவாது. வாடகை விஷயத்தைச் சொல்ல நாக்கு எழவில்லை. காபியைக் குடிக்காமலே போய்விட்டார்.

மே 14, செவ்வாய்

இரண்டாவது படம். மண்டபத் தூணில் பாய்கிற யாளி. வேலூர்க்காரனுக்கு இதைக் கண்டுபிடிக்கப் பாய் வேண்டாம். கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயிலின் கல்யாண மண்டபம். விசித்திரம் என்னவென்றால் மாமாவின் காலில் பளபளவென்று ஷூ. அத்தையும் செருப்போடுதான் நிற்கிறாள். கோயிலுக்குள்!

மரமில்லாத மலை, நீரில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று எங்கள் ஊரைக் கேலி செய்வார்கள். அந்தச் "சாமி இல்லாத கோயில்" இதுதான். வெள்ளைக்காரன் ஆயுதக் கிடங்காகக்கூட வைத்திருந்தான். 1981 மார்ச்சில் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கத்தைக் கொண்டுவந்து வைத்த பிறகுதான் பூஜை நடக்கிறது. அதற்கு முன்னால் இது சும்மா பார்த்துவிட்டு வரும் கல் கட்டடம், செருப்பைக் கழற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றியிருக்காது.

ஆறு மணிக்குப் போனேன். வாசலில் செருப்பை விட்டதும் கல் காலைச் சுட்டது. ஓட்டமும் நடையுமாக மண்டபத்துக்குள் புகுந்து அதே தூணைத் தேடினேன். யாளியின் ஒரு முன்கால் படத்தில் எப்படி மூளியாக இருக்கிறதோ அப்படியே இருக்கிறது. அத்தை சாய்ந்த இடத்தில் ஒரு பெண் பிரசாதத் தொன்னையோடு உட்கார்ந்து குழந்தைக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். போனை எடுத்து நீட்ட மனம் வரவில்லை.

அத்தைக்குக் கல்யாணம் 1959-இல். அது அம்மாவுக்கே தெரியும். படமும் அந்த வருஷமே.

மே 19, ஞாயிறு

பஸ் படத்துக்கு அதிகம் மெனக்கெடவில்லை. அது கரி பஸ். இரண்டாம் உலகப்போரில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தபோது பஸ்ஸின் பின்னால் அடுப்பு மாதிரி ஒரு கலத்தை மாட்டினார்கள். அதில் கரியைக் கொட்டி, காற்றை அளவாக விட்டு அரைகுறையாக எரித்தால் வரும் வாயுவில் என்ஜின் ஓடும். பெட்ரோல் அளவுக்கு இழுவை இருக்காது, மேட்டில் திணறும். கிளீனர் விடியற்காலையிலேயே எழுந்து விசிறிக் கைப்பிடியைச் சுற்ற வேண்டும், மேடு வந்தால் ஆண்கள் எல்லாம் இறங்கித் தள்ள வேண்டும் என்று பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன். "டிக்கெட்டும் வாங்கிட்டு வண்டியும் தள்ளணும்" என்பது அவள் வாக்கியம். படத்தில் ஜன்னலோரம் இருக்கும் முகங்களில் ஒன்று அவளாக இருக்கலாம். பின்னால் மொட்டை மலை. இந்த ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் அதுதான் இருக்கிறது.

மே 25, சனி

காரின் பின்னால் உள்ள வளைவு என்னை விடவில்லை. கோட்டை என்றால் அகழி தெரிய வேண்டும், இந்தக் கோணத்தில் தண்ணீரே இல்லை. சுவரும் கருங்கல் மாதிரி தோன்றவில்லை. வளைவின் மேல் சின்னதாக ஒரு அறை வேறு. நேற்று ராத்திரி தூக்கத்தில் பொறி தட்டியது: ஆற்காடு டெல்லி கேட்!

காலையில் பஸ் ஏறிவிட்டேன். 1751-இல் கிளைவ் ஐம்பது நாள் முற்றுகையைத் தாங்கிய கோட்டையில் மிச்சம் அந்த வாசல் மட்டும்தான். பாலாற்றங்கரை, கண்ணுக்கெட்டிய வரை மணலும் சீமைக்கருவேலமும். படத்தைக் கையில் வைத்துக்கொண்டு முன்னும் பின்னும் நகர்ந்து பார்த்தேன். வளைவும் மேல் அறையும் அச்சாகப் பொருந்தின. டீக்கடைக்காரர் என்னை நிலம் அளக்க வந்தவன் என்று நினைத்து, "சர்வேயா சார்?" என்றார்.

அத்தையை ஆற்காட்டில்தான் கொடுத்தார்கள். அது பஸ்ஸில் திரும்பும்போதுதான் உறைத்தது.

மே 26, ஞாயிறு

பெரியப்பா வீட்டுக்கு நானே போனேன். இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் ஒரு கிலோ வாங்கிக்கொண்டு, சமாதானத்துக்கு. படத்தை வைத்து, "பெரியப்பா, இது ஆற்காடு. அத்தை கல்யாணம் பேசப் போனப்ப எடுத்ததா?" என்றேன். வாடகை என்ற சொல்லை எடுக்கவில்லை.

வெகுநேரம் பார்த்தார். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"ஆமா. பையன் வீட்டுக்காரங்க ஒசத்தி, பஸ்ல போனா மரியாதையா இருக்காதுன்னு நைனா டாக்ஸி பேசினாரு. எனக்குப் பதினோரு வயசு. ரத்தினகிரி தாண்டினதும் வாந்தி எடுத்துட்டேன், சீட்டு பூரா. டாக்ஸிக்காரன் கழுவக் காசு கேட்டான். நைனா விட்டாரு பாரு ஒரு அறை."

கன்னத்தைத் தடவிக்கொண்டார். பெரியம்மா உள்ளேயிருந்து, "இத்தனை வருஷமா சொந்தக் கார்னு என்கிட்ட சொன்னீங்களே" என்றாள்.

"சாயங்காலம் வரைக்கும் நம்ம கார்தானே" என்றார் பெரியப்பா.