பழைய ஹெட்போன்களில் கேட்கும் நாகஸ்வரம்

பாளையங்கோட்டை வீட்டின் மாடியறையில் நான் சேர்த்து வைத்திருக்கும் பழைய ஹெட்போன்களில் அடிக்கடி கையில் எடுப்பது, 1976இல் வெளிவந்த யமஹா எச்பி-1. இத்தாலிய வடிவமைப்பாளர் மாரியோ பெல்லினி உருவம் கொடுத்த இதில், வழக்கமான கூம்பு வடிவ ஒலிப்பானுக்குப் பதிலாக, கம்பிச்சுருள் பதிக்கப்பட்ட மெல்லிய படலம் ஒன்று, துளையிட்ட இரண்டு காந்தத் தட்டுகளுக்கு நடுவே அதிர்கிறது. விசை ஓரிடத்தில் குவியாமல் படலமெங்கும் பரவுவதாலோ என்னவோ, நம் நாகஸ்வரக் கலைஞர் காருகுறிச்சி அருணாசலத்தின் பதிவுகளைக் கேட்கும்போது, மூச்சு சீவாளியில் (நாகஸ்வரத்தின் ஊதும் நாணல் துண்டில்) நுழைந்து சுரமாகத் திரளும் அந்தக் கணம்கூடத் தெளிவாகக் காதில் விழுகிறது. புதிய ஹெட்போன்கள் பலவற்றில் இந்த நிதானம் எனக்குக் கிடைத்ததில்லை.

1968இல் வந்த சென்ஹைசர் எச்டி 414 வேறு வகை. பின்புறம் திறந்த அமைப்பும் மஞ்சள் பஞ்சும் கொண்ட அது மிகவும் இலேசானது. மாடியில் பாட்டு கேட்டாலும் கீழிருந்து அம்மா கூப்பிடுவது கேட்கும். அதன் மின்மறுப்பு, அதாவது மின்னோட்டத்தை எதிர்க்கும் அளவு, 2000 ஓம் என்று அதிகமாக இருப்பதால் கைப்பேசியில் செருகினால் ஒலி மெலிந்துவிடுகிறது. பழைய ஆம்ப்ளிஃபயரில்தான் அதன் குரல் முழுமையாக எழுகிறது.

வாங்க நினைப்பவர்கள் முதலில் காதுப் பஞ்சை விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். நம் ஊர் வெயிலில் அது பிசுபிசுத்து மாவாக உதிரும். அந்தத் துகள் உள்ளே போனால் படலம் கரகரக்கத் தொடங்கும்.