ஊசி போட்ட வெடைக்கோழி, ஊசி காணாத பட்டி

பிப்ரவரி 2
பெருந்துறைப் பக்கமிருந்து 20 சிறுவிடை வெடைகள் (முட்டைக்கு வராத நாட்டுப் பெட்டைகள்), வயது 10 வாரம். இவற்றைப் பழைய கோழிகளோடு சேர்க்க வேண்டும். தோட்டத்தில் ஏற்கெனவே உள்ள 40 உருப்படிக்கு எந்த ஊசியும் கிடையாது. ஊசி அட்டையில் இருப்பது: முதல் நாள் மேரக்ஸ் (கட்டியும் கால் வாதமும் தரும் நோய்க்கு), 7ஆம் நாள் எஃப்1 சொட்டு, 14இல் கம்போரோ (குஞ்சின் எதிர்ப்புச் சக்தியைக் கெடுக்கும் நோய்க்கு), 28இல் லசோட்டா, 6ஆம் வாரம் அம்மை, 8ஆம் வாரம் ஆர்2பி. எஃப்1, லசோட்டா, ஆர்2பி மூன்றும் வெள்ளைக்கழிச்சலுக்கு. "எல்லாம் போட்டாச்சுங்க" என்ற வாய்ச்சொல் போதாது. எந்த ஊசி, என்றைக்குப் போட்டது என்பது தெரியாமல் அடுத்த அடி வைக்க முடியாது.

தனிக்கொட்டகை மேற்கு வேலியோரம். இப்போது காற்று கிழக்கிலிருந்து அடிப்பதால் தூசி பட்டிப் பக்கம் வராது. ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எதிர்ப்பக்கமிருந்து வரும், அப்போது இதே இடம் ஆகாது. தீவனம் முதலில் பழைய கோழிக்கு, கடைசியில் புதுசுக்கு. செருப்பும் வாளியும் தனி.

பழைய கோழிகளுக்கு இன்றே குடற்புழு மருந்து. புழு இருந்தால் தடுப்பு மருந்து சரியாகப் பிடிக்காது.

பிப்ரவரி 4
அட்டையில் பயமுறுத்தும் வரி மேரக்ஸ்தான். அந்த ஊசி கட்டி வராமல், கால் இழுக்காமல் காக்கும். கிருமி உள்ளே புகுவதைத் தடுக்காது. பண்ணையில் கிருமி ஒட்டியிருந்தால், கோழி கொழுகொழுவென்று இருந்துகொண்டே இறகுப் பொடியில் அதைக் கொட்டும். அந்தத் தூசி மாதக்கணக்கில் வீரியம் இழக்காது. பழி ஊசி மருந்தின் மேல் வராது, கோழி சுமந்து வந்த நிஜ நோய்க்கிருமியின் மேல்தான். வளர்ந்த பெட்டைகள் ஓரளவு தாங்கும். குஞ்சுகள்தான் மாட்டும்: ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே நீட்டிப் படுத்துவிடும். பழைய கோழிக்கு இப்போது மேரக்ஸ் போடுவது வீண். பொரித்த அன்றே போட வேண்டிய ஊசி அது.

பிப்ரவரி 9
பழைய கோழிகளுக்கு லசோட்டா. இரண்டு சேவல்களுக்கு மட்டும் தரவில்லை, காரணம் பின்னால். விடியலில் ஒன்றரை மணி நேரம் தண்ணீர் நிறுத்தி, 2 லிட்டர் போர்த் தண்ணீரில் 5 கிராம் கொழுப்பு நீக்கிய பால் பவுடர். அரை மணி கழித்து 100 டோஸ் குப்பி முழுவதும். குழாய்க் குடிநீர் வேண்டாம், குளோரின் மருந்தைக் கொன்றுவிடும். தகரத் தட்டும் வேண்டாம். இரண்டு மணி நேரத்துக்குள் குடித்து முடிக்க வேண்டும். குப்பி பனிக்கட்டிப் பெட்டியில் வராமல் சட்டைப்பையில் வந்திருந்தால் வெறும் பால்தான் குடிக்கிறது.

பிப்ரவரி 17
மருந்து தராத அந்த இரண்டு சேவல்களையும் புது வெடைகளோடு விட்டாயிற்று. வெடைகள் மறைத்துக் கொண்டுவந்ததை இவை காட்டிக்கொடுக்கும். வெள்ளைக்கழிச்சல் 2 முதல் 15 நாளில் தெரியும். இரவில் விளக்கை அணைத்து நின்று கேட்பது அவசியம்: கரகர மூச்சு என்றால் மைக்கோபிளாஸ்மா (நாள்பட்ட மூச்சு நோய்க் கிருமி) என்று சந்தேகம். முகம் வீங்கி நாற்றமடித்தால் கொரைசா (கோழிச் சளி நோய்). இரண்டுக்கும் அட்டையில் ஊசி இல்லை. மருந்து கொடுத்தால் அடங்கும், ஆனால் கோழி கிருமியைச் சுமந்துகொண்டே இருக்கும். அப்படி ஒன்று கிடைத்தாலும் மொத்தக் கூட்டத்தையும் சேர்க்கக் கூடாது.

இறக்கையில் அம்மை ஊசிப் பொருக்கு உதிரவில்லை என்றாலும் காத்திருக்க வேண்டும். உதிரும் பொருக்கில் உயிருள்ள கிருமி உண்டு.

மார்ச் 9
லசோட்டா தந்து நான்கு வாரம். பழைய கோழிகளுக்கு ஆர்2பி, இறக்கைக்கு அடியில் தோலுக்குக் கீழே அரை மில்லி. முட்டை சில நாள் குறையும். லசோட்டா காணாத கோழிக்கும் 8 வாரத்துக்குக் குறைந்த குஞ்சுக்கும் இது நேரடியாகப் போனால் நோயாகவே மாறலாம். அதனால் அடைக்கோழியும் குஞ்சும் தனிப் பஞ்சாரத்தில், எட்டத்தில்.

மார்ச் 25
ஆர்2பி பிடிக்க இரண்டு வாரம் கொடுத்தாயிற்று. சேவல்கள் இரண்டும் நலம். இருட்டிய பிறகு வெடைகளைக் கொண்டுபோய்ப் பரணில் ஏற்றினால் காலையில் சண்டை குறைவு. தண்ணீர்க் குடுவை இரண்டு கூடுதலாக. மேரக்ஸ் கிருமி இருக்கிறதா என்பது இந்த 51 நாளில் கண்ணால் பார்த்துத் தெரியாது. அதனால் இனி பொரிக்கும் குஞ்சுகளுக்கு முதல் நாளே மேரக்ஸ் ஊசி. ஒரு குப்பி 1000 டோஸ், கலக்கி ஒரு மணி நேரத்துக்குள் தீர வேண்டும். ஆகவே பக்கத்துத் தோட்டங்களோடு பேசி ஒரே நாளில் பொரிக்க வைப்பது.